கணுக்கால் மூட்டை மாற்றுவதா, இணைப்பதா: எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது?

கணுக்கால் மூட்டு தேய்ந்துபோய், மாத்திரை, ஊசி, காலணி மாற்றம் எல்லாம் பார்த்தாகிவிட்டது, வலி மட்டும் போகவில்லை, இனி ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வழி இரண்டு. ஃபியூஷன் எனப்படும் மூட்டு இணைப்பில், மிஞ்சியிருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, கீழ்க்கால் எலும்பையும் அதற்குக் கீழே இருக்கும் டேலஸ் எலும்பையும் ஸ்க்ரூவோ பிளேட்டோ போட்டு ஒரே எலும்பாகச் சேர வைக்கிறார்கள். மூட்டு மாற்றில் அந்த இரண்டு முனைகளையும் சீவி, உலோகம் பொருத்தி, நடுவில் பிளாஸ்டிக் துண்டு வைக்கிறார்கள். இதில் மூட்டு அசையும்.

ஒப்பிட உட்காரும் முன் உங்கள் காலைப் பற்றி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: வயது, எடை, செய்யும் வேலை, சர்க்கரை, புகைப்பழக்கம், பாதம் கோணியிருக்கிறதா, அந்த இடத்தில் முன்பு சீழ் பிடித்ததா. கணுக்கால் தேய்மானம் பெரும்பாலும் பழைய எலும்பு முறிவுக்கோ மோசமான சுளுக்குக்கோ பிறகு வருவது என்பதால், இடுப்பு, முழங்கால் தேய்ந்தவர்களைவிட இளையவர்கள் இதில் அதிகம், அதனால் வயது இங்கே பெரிய விஷயம். மூட்டில் கிருமித்தொற்று இருந்தாலோ, டேலஸ் எலும்பு ரத்த ஓட்டமின்றிப் பெருமளவு செத்திருந்தாலோ, நரம்பு உணர்வு போய்ப் பாத எலும்புகள் நொறுங்கியிருந்தாலோ மூட்டு மாற்று பொதுவாக ஒத்துவராது. மாறாக, கணுக்காலுக்குக் கீழே உள்ள மூட்டும் தேய்ந்திருந்தால், அல்லது மறுகால் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருந்தால், மாற்றின் பக்கம் தராசு சாயும்.

சரி, பலன் எப்படி? பிரிட்டனில் 50 முதல் 85 வயது வரை உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2022இல் வெளியானது. அதில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 282 பேர். நிற்பதும் நடப்பதும் எவ்வளவு சிரமம் என்பதை 100 புள்ளி அளவில் கேட்டார்கள். ஓராண்டு கழித்து, மாற்றிக்கொண்டவர்களுக்குச் சராசரியாக 49.9 புள்ளியும் இணைத்துக்கொண்டவர்களுக்கு 44.4 புள்ளியும் முன்னேற்றம். நோயாளியே உணரக்கூடிய வித்தியாசம் என்று ஆய்வாளர்கள் வைத்திருந்தது 12 புள்ளி, ஆகவே இந்த இடைவெளியை வைத்து ஒன்று ஜெயித்தது என்று சொல்ல முடியாது. இரண்டிலுமே வலி நன்றாகக் குறைகிறது, இதைத்தான் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எதை ஒப்பிடுவது? வரக்கூடிய சிக்கல்களை. அதே ஆய்வில் காயம் ஆறுவதில் பிரச்சினை மாற்றில் 13.4 சதவீதம், இணைப்பில் 5.7. நரம்புப் பாதிப்பும் மாற்றில்தான் கூடுதல். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பது இணைப்பில் சற்று அதிகம், தவிர, எலும்பு சரியாகச் சேராமல் தொந்தரவு தந்தது சுமார் 7 சதவீதம் பேருக்கு. புகைப்பிடிப்பவர்களுக்கு இந்தச் சேராத ஆபத்து பல மடங்கு கூடும். இணைப்புக்குத் தேதி குறிக்கும் முன்பே புகைப்பதை நிறுத்திவிடுங்கள், இதை நான் கெஞ்சிக் கேட்பேன்.

அப்புறம், ஓராண்டுக் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். செயற்கை மூட்டு நாளடைவில் தளரும், பிளாஸ்டிக் தேயும். கனடாவில் சராசரி ஐந்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், மாற்றியவர்களில் 17 சதவீதம் பேருக்கும் இணைத்தவர்களில் 7 சதவீதம் பேருக்கும் அதைத் திருத்த மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது. இணைப்பின் விலை வேறு மாதிரி: கணுக்கால் செய்ய வேண்டிய அசைவைப் பக்கத்து மூட்டுகள் சுமப்பதால், பத்து, இருபது ஆண்டுகளில் அவை தேயத் தொடங்கலாம். 40 வயதில் பாரம் தூக்கி வேலை செய்பவருக்கு இணைப்பும், 68 வயதில் நிதானமாக நடமாடுபவருக்கு மாற்றும் பொருத்தம் என்பது என் எண்ணம், ஆனால் உங்கள் எக்ஸ்ரே இதை அப்படியே புரட்டிப் போடலாம்.

அசைவு பற்றி இரண்டு பக்கமும் தவறான நினைப்பு உண்டு. இணைத்தால் பாதம் மரக்கட்டை ஆகிவிடாது, நடுப்பாத மூட்டுகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சமதளத்தில் பலர் நன்றாகவே நடக்கிறார்கள். ஏற்றம், இறக்கம், குத்துக்காலிட்டு உட்காருவது, ஓடுவதுதான் கஷ்டம். அடிப்பகுதி வளைந்த காலணி உதவும். மாற்றிலும் இளமைக்கால அசைவு திரும்பாது, ஆபரேஷனுக்கு முன் இருந்த அளவையொட்டியே இருக்கும்.

குணமாகும் காலத்தில் இணைப்பு கூடுதல் பொறுமை கேட்கும். பல வாரங்கள் காலை ஊன்றவே கூடாது, மாவுக்கட்டோ பூட்ஸோ மூன்று மாதம் வரை போகலாம். மாற்றில் பொதுவாகக் கொஞ்சம் சீக்கிரம் ஊன்ற விடுவார்கள். வீக்கம் இரண்டிலும் மாதக்கணக்கில் இருக்கும்.

டாக்டரிடம் போகும்போது நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயைக் கொண்டுபோய், பக்கத்து மூட்டுகள் எப்படி இருக்கின்றன என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். இந்த இரண்டையும் நீங்கள் ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள், ஒன்றை மட்டுமே செய்பவர் அதையே பரிந்துரைக்கத்தான் வாய்ப்பு அதிகம். கடைசியாக, இது தோற்றால் அடுத்து என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். தோற்ற செயற்கை மூட்டை எடுத்துவிட்டு இணைக்கலாம், ஆனால் எலும்பு குறைந்திருப்பதால் வேறு எலும்பு வைத்து நிரப்ப வேண்டிவரலாம், அது முதல் தடவை இணைப்பதைவிடப் பெரிய ஆபரேஷன்.