மொட்டை மாடில இருந்து தீபாவளி வாணவேடிக்கைய படம் புடிக்கறது எப்படி

ராத்திரி வெடி படம் எடுத்தா நடுவுல வெள்ளையா பஞ்சு உருண்டை மாதிரி வருது, கலரே இல்லன்னு நிறைய பேர் புலம்பறீங்க. நானும் ரெண்டு தீபாவளி அப்படித்தான் வீணடிச்சேன். ஆட்டோல விட்டா கேமரா இருட்டப் பாத்து பயந்துபோய் ஐஎஸ்ஓவ (சென்சார்ல விழற வெளிச்சத்த எவ்ளோ பெருக்கிக் காட்டணுங்கற அளவு) கண்டபடி ஏத்திடும், அதான் விஷயம்.

ஒண்ணு மட்டும் புரிஞ்சுட்டா மீதி ஈசி. வாணவெடி ஓடிட்டே இருக்கற வெளிச்சம், சென்சார்ல ஒரே இடத்துல நிக்காது, அதனால ஷட்டர எவ்ளோ நேரம் தொறந்து வச்சாலும் அந்தக் கோடு அதுக்கு மேல பளிச்சுன்னு ஆகாது. கலர் நிக்குதா வெளுக்குதான்னு முடிவு பண்றது அபெர்ச்சரும் (லென்ஸ்ல வெளிச்சம் நுழையற ஓட்டை, எஃப் நம்பர் கூடினா ஓட்டை சின்னதாகும்) ஐஎஸ்ஓவும்தான். ஷட்டர் டைம் கூடினா கோடு நீளும், நாலு வெடி சேர்ந்து விழும், கூடவே வானமும் வெளுக்கும்.

அதனால மேனுவல் மோட், ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 4 செகண்ட்ல ஆரம்பிங்க. வெளுத்துச்சுன்னா எஃப் 16, டல்லா இருந்தா எஃப் 8. 10 செகண்டுக்கு மேல போனா நம்ம சென்னை வானம் தெருவிளக்கும் புகையும் கலந்து அழுக்கு காவி கலர்ல வரும், பாக்கவே சகிக்காது. ரா ஃபைல்லயே (கேமரா சுருக்காத ஃபைல், அப்பறம் எடிட் பண்ண வசதி) எடுங்க.

ஃபோகஸ்தான் நிறைய பேர் சொதப்பற இடம். இருட்டுல ஆட்டோ ஃபோகஸ் தேடிட்டே இருக்கும், அதுக்குள்ள வெடி முடிஞ்சுடும். தூரத்துல ஒரு டவர் லைட்டப் பாத்து ஃபோகஸ் பண்ணிட்டு மேனுவலுக்கு மாத்தி, ரிங் மேல செல்லோ டேப் ஒட்டிடுங்க. ரிங்க கடைசி வரைக்கும் திருப்பறது தப்பு, நிறைய லென்ஸ் இன்ஃபினிட்டிய (ரொம்ப தூரத்துக்கான ஃபோகஸ்) தாண்டியும் போகும். புள்ளி புள்ளியா வர்றத குறைக்கற லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா ஒவ்வொரு 4 செகண்ட் படத்துக்கும் இன்னொரு 4 செகண்ட் கேமரா சும்மா ஒக்காந்திருக்கும். ட்ரைபாட்ல வச்சா ஸ்டெபிலைசேஷனும் (கை ஆட்டத்த சரி பண்ற வசதி) ஆஃப். அப்பறம் தண்ணி டேங்க் மேடை மேல ட்ரைபாட வைக்காதீங்க, கீழ் வீட்டு மாமி மோட்டார் போட்டா மொத்தமும் அதிரும் (அனுபவம்தான்).

டைம் முக்கியம். தமிழ்நாட்டுல வெடி வெடிக்க அரசு குடுக்கற நேரம் காலைல 6லேருந்து 7, சாயங்காலம் 7லேருந்து 8. காலைல அந்த நேரத்துக்கு வெளுத்துடும், நமக்கு வேலை இல்ல. 7 மணிக்கு முன்னாடியே மாடி ஏறி எல்லாம் செட் பண்ணி வைங்க, முதல் பத்து பதினஞ்சு நிமிஷம்தான் வானம் சுத்தமா இருக்கும், அப்பறம் காத்து இல்லன்னா வெறும் புகைதான். ஏசி ரூம்லேருந்து கேமராவ நேரா வெளிய கொண்டு போகாதீங்க, இந்த ஐப்பசி ஈரத்துல லென்ஸ் பூத்துப் போயிடும், அரை மணி முன்னாடியே பையோட வெளிய வச்சிடணும். மழை எப்ப வரும்னு தெரியாது, ஒரு பிளாஸ்டிக் கவர் பாக்கெட்ல இருக்கட்டும்.

பல்ப் மோடும் (பட்டன அழுத்திப் புடிச்சிருக்கற வரைக்கும் ஷட்டர் தொறந்தே இருக்கும்) ரிமோட்டும் இருந்தா ஒரு ட்ரிக் இருக்கு. பழைய தினசரி காலண்டர் அட்டைல கறுப்பு சார்ட் ஒட்டிக்கோங்க. ஷட்டர தொறந்துட்டு, லென்ஸ் முன்னாடி தொடாம அட்டைய மறைச்சு, ஸ்கை ஷாட் மேல ஏறும்போது மட்டும் அட்டைய எடுங்க, வெடிச்சு விரிஞ்சு முடிஞ்சதும் திரும்ப மூடுங்க. அப்படி மூணு நாலு வெடி ஒரே படத்துல வரும், வானமும் கறுப்பாவே இருக்கும்.

போன்காரங்க ப்ரோ மோட்ல ஐஎஸ்ஓவ குறைச்சு 1 இல்ல 2 செகண்ட் வைங்க, போன எதுலயாவது சாய்ச்சு வச்சா போதும்.

பசங்கள கம்பி மத்தாப்புல பேர் எழுத சொல்றதுன்னா 8 செகண்ட் வைங்க. நம்மளப் பாத்து நின்னு எழுதினா எழுத்து இடவலம் மாறி விழும், எடிட்ல திருப்பிக்கலாம். ஆனா பின்னாடி கடை போர்டு இருந்தா அதுவும் சேர்ந்து திரும்பிடும், அதனால போர்டு தெரியாத பக்கமா நிக்க வைங்க.