டெசிபலுக்கு நேரடியாகச் சராசரி எடுக்காதீர்கள்

நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை அளக்கும் எக்கோ சவுண்டரில் இரண்டு பிங், அதாவது இரண்டு ஒலித்துடிப்புகள். ஒன்றின் எதிரொலி மைனஸ் 30 டெசிபல், இன்னொன்று மைனஸ் 50. சராசரி எவ்வளவு? மைனஸ் 40 என்று எக்செல் சொல்லும், நாமும் நம்பிவிடுவோம். டெசிபல் மடக்கை அளவு என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோகும். முதல் எதிரொலி இரண்டாவதைவிட 100 மடங்கு வலுவானது. இரண்டையும் ஆற்றல் அளவுக்கு மாற்றி, சராசரி எடுத்து, மறுபடி டெசிபலாக்கினால் வருவது மைனஸ் 33. அந்த 7 டெசிபல் என்பது ஐந்து மடங்கு. மீன்வளக் கணக்கெடுப்பில் எதிரொலியின் சராசரி ஆற்றலை வைத்துத்தான் மீன் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். அங்கே இப்படிப் பிசகினால் ஐந்து டன் மீன் ஒரு டன்னாகிவிடும்.

இது ஏதோ கோணலான உதாரணம் என்று நினைக்க வேண்டாம். நெருக்கமான மீன் கூட்டத்திலிருந்து ஏராளமான சிற்றலைகள் ஒன்றோடொன்று கலந்து வரும்போது, எதிரொலியின் வீச்சு பிங்குக்குப் பிங் தற்செயலாக ஏறி இறங்கும்; அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ராலே பரவல் என்ற நிகழ்தகவுப் பரவலில் அமையும். அதில் டெசிபல் சராசரி எப்போதுமே 2.5 டெசிபல் குறைத்துக் காட்டும். எத்தனை ஆயிரம் பிங் எடுத்தாலும் அந்தக் குறை தீராது. கூட்டம் துளியும் மாறாவிட்டாலும், பிங்குக்குப் பிங் திட்ட விலக்கம் 5.6 டெசிபல் இருக்கும். கருவி கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றுபவர்கள் உண்டு, பாவம் கருவி!

எதிரொலியை வைத்து மீன் அளவைக் கணிக்கும் மாடலைப் பயிற்றுவிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விநாடிக்கு ஒரு பிங் வீதம் ஒரே கூட்டத்தின் மேல் அடித்த ஆயிரம் பிங், ஆயிரம் தனிச் சான்றுகள் ஆகாது. அவற்றைக் குலுக்கிப் போட்டுப் பாதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் வைத்தால், மாடல் கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்டது என்று அர்த்தம். நாள் வாரியாகவோ பயண வாரியாகவோ பிரியுங்கள்.

நேரத்தையும் விடாதீர்கள். 1942-இல் சான் டியேகோ கடலில், அடித்தளத்துக்கு வெகு மேலேயே எதிரொலிக்கும் ஓர் அடுக்கு தென்பட்டது. இரவானால் மேலேறி, விடிந்தால் இறங்கிவிடும் உயிரினங்கள்தான் அந்த அடுக்கு. பிங் அடித்தபோது மணி என்ன என்பது மாடலில் இல்லையென்றால் அந்த ஏற்ற இறக்கமெல்லாம் வெறும் இரைச்சலாகத்தான் தெரியும்.

கடைசியாக, எதிரொலி கேட்காத பிங்குகள். காலிக் கட்டங்களில் 0 நிரப்பும் பழக்கத்தை அட்டவணையின் டெசிபல் நெடுவரிசையில் காட்டினால் விபரீதம்: 0 டெசிபல் எதிரொலி தருகிற மீன் எந்தக் கடலிலும் கிடையாது. அந்த வரிகளை அழித்தாலும் தப்பு, வலுவானவை மட்டுமே மிஞ்சும். ‘கண்டறியும் வரம்புக்குக் கீழே’ என்று குறித்து, தணிக்கைத் தரவாகவே (censored data: சரியான மதிப்பு தெரியாது, வரம்புக்குக் கீழே என்பது மட்டும் தெரியும்) மாடலுக்குக் கொடுங்கள்.