வெளிநாட்டு உரிமையால் லாபம் கூடியதா என்று கண்டறிவது எப்படி?

சேவைத் துறை நிறுவனமொன்று வெளிநாட்டவர் கைக்கு மாறியபின் லாபம் காட்டினால், அந்த லாபம் முழுவதையும் உரிமை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. 1920இல் திருச்சூரில் தொடங்கப்பட்ட கத்தோலிக்க சிரியன் வங்கி, அதாவது இன்றைய சிஎஸ்பி வங்கி, இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2018-19இல் சுமார் ரூ.197 கோடி நட்டம் கண்ட அவ்வங்கி, கனடாவின் ஃபேர்ஃபாக்ஸ் குழுமம் 51 சதவீதப் பங்குகளைப் பெற்றபின், 2020-21இல் சுமார் ரூ.218 கோடி லாபம் ஈட்டியது.

முதலில், காலாண்டுதோறும் பங்குச் சந்தையில் தாக்கலாகும் பங்குதாரர் பட்டியலைப் பாருங்கள். அதில் மொரீஷியஸில் பதிவான துணை நிறுவனத்தின் பெயரே இருக்கக்கூடும் என்பதால், இறுதி உரிமையாளர் யார் என்பதைத் தேடி உறுதிசெய்ய வேண்டும். பங்கின் அளவும் அதிகாரத்தின் அளவும் ஒன்றல்ல. இந்தியத் தனியார் வங்கிகளில் எத்தனை சதவீதம் வைத்திருந்தாலும் ஒருவருக்கு 26 சதவீதத்துக்கு மேல் வாக்குரிமை கிடையாது.

அடுத்து, பணம் எங்கே போனது என்று பாருங்கள். பழைய பங்குதாரரிடமிருந்து பங்குகளை வாங்கினால் நிறுவனத்துக்குள் ஒரு ரூபாயும் வராது. சிஎஸ்பியில் புதிய பங்குகள் வெளியிடப்பட்டதால் மூலதனமே பெருகியது. அத்தகைய மூலதனத்தை உள்நாட்டு முதலீட்டாளரும் கொண்டுவந்திருக்க முடியும் என்பதை மறக்கக் கூடாது.

நிகர லாபத்தை மட்டும் நம்பாமல், சொத்து மீதான வருவாய் (மொத்தச் சொத்தில் லாபம் எத்தனை சதவீதம் என்பது), வாராக்கடன் விகிதம் (கொடுத்த கடனில் திரும்பி வராதவற்றின் பங்கு), வருமானத்தில் செலவின் பங்கு ஆகியவற்றையும் கணக்கிடுங்கள். உரிமை மாறும் காலத்தில் பழைய வாராக்கடனால் வரும் இழப்புக்கென மொத்தமாகப் பணம் ஒதுக்குவது உண்டு; அதனால் அந்த ஆண்டின் நட்டம் பெரிதாகத் தெரியும். ஆகவே நட்ட ஆண்டு ஒன்றையே அடிப்படையாக வைக்காமல், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரியை எடுப்பதே நேர்மையானது.

மிக முக்கியமானது ஒப்பீடு. தனலட்சுமி வங்கியும் சவுத் இந்தியன் வங்கியும் திருச்சூரையே தலைமையிடமாகக் கொண்டவை. வெளிநாட்டுப் புரமோட்டர், அதாவது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் முதன்மைப் பங்குதாரர், இல்லாதவை. மூன்றின் விகிதங்களையும் ஆண்டுவாரியாக ஒரே தாளில் எழுதி, 2019க்குப் பின் சிஎஸ்பிக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு மாறியது என்று பாருங்கள். 2020இல் தங்கம் விலையேறியதோடு, நகைக்கடன் வரம்பை நகையின் மதிப்பில் 75இலிருந்து 90 சதவீதமாக 2021 மார்ச் வரை ரிசர்வ் வங்கி உயர்த்தியிருந்தது. நகைக்கடனை அதிகம் நம்பிய சிஎஸ்பிக்கு இது பெரும் துணையாயிற்று. எனவே ஆண்டறிக்கையில் நகைக்கடன் வருமானத்தைத் தனியே பிரித்தெடுத்து, அதைக் கழித்தபின் மிஞ்சும் இடைவெளியை மட்டுமே புதிய உரிமையோடு தொடர்புபடுத்துங்கள்.