முதலில் ஒரு சுவர் பிடியுங்கள்

மென்பொருள் அணி ஒன்று அஜைல் முறையில், அதாவது வேலையைச் சின்னத் துண்டுகளாகச் செய்து அடிக்கடி காட்டித் திருத்துகிற முறையில், தொடங்குவதென்றால் ஜிரா, ட்ரெல்லோ மாதிரி வேலைப்பட்டியல் செயலிகளை எல்லாம் பிறகு பார்க்கலாம். 2001இல் 17 பேர் சேர்ந்து எழுதிய அஜைல் பிரகடனமே கருவிகளுக்கு முன்னால் ஆட்களைத்தான் வைக்கிறது. கல்லடியில் எங்கட ஐந்து பேர் அணி ஒரு வெறுஞ்சுவரில்தான் தொடங்கியது. 'செய்ய வேண்டியது', 'நடப்பது', 'முடிந்தது' என்று மூன்று நிரல். ஒரு வேலைக்கு ஒரு ஒட்டுத்தாள். (ஃபேனைப் போட்டால் பாதி பறக்கும், மேலே டேப் ஒட்டுங்கள்.)

'நடப்பது' நிரலில் ஆளுக்கு ஒரு தாளுக்கு மேல் விடாதீர்கள். எங்கட தம்பி ஒருவர் நாலைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழமையாக ஒன்றையும் முடிக்கவில்லை. மூன்றைத் திரும்ப வாங்கினோம். மிஞ்சினது அடுத்த நாள் பின்னேரமே முடிந்தது.

காலையில் நின்றபடி கதையுங்கள். ஸ்க்ரம் என்கிற அஜைல் வேலைமுறையின் வழிகாட்டி இதற்குத் தருவது 15 நிமிடம்தான். மேலாளருக்கு ஒப்புவிக்கிற கூட்டம் அல்ல அது. யாருக்கு எங்கே இடறுது என்று கேளுங்கள்.

ஸ்பிரிண்ட், அதாவது ஒரு சுற்று வேலைக்கான காலம், ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது. எங்களுக்கு இரண்டு கிழமை. கடைசி நாளில் ஸ்லைடு காட்டாமல், செய்ததை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். அம்பாறைப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவுச் செயலி செய்தோம். முதலாளி போனை வாங்கி ஒரு மூட்டையைப் பதிந்து பார்த்தார்.

"தம்பி, ஈரத்துக்குக் கழிக்கிற கிலோவை எங்க போடுற?"

அப்படி ஒரு பெட்டியே திரையில் இல்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் தரவுத்தளத்தையே கிண்டியிருக்க வேண்டும். அந்தக் கேள்வியை அப்படியே தாளில் எழுதி முதல் நிரலின் உச்சியில் ஒட்டினோம்.