புது வீட்டின் வெறும் சிமென்ட் தரையைக் குறைந்த செலவில் மூடுவது எப்படி?

வீடு கட்டி முடிகிற நேரத்தில் கையிருப்பும் முடிந்துபோவது நம்மூரில் சாதாரணம். சுவர் பூசியாச்சு, கரண்ட் வந்தாச்சு, பாலும் காய்ச்சியாச்சு, தரை மட்டும் சாம்பல் நிறத்தில் வெறும் சிமென்ட் தளமாகக் கிடக்கும். தமிழ்நாடு அரசின் கலைஞர் கனவு இல்லம் வீட்டுத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்குக் கிடைக்கிற உதவி 3.5 லட்சம் ரூபாய். அதற்கு மேல் போகிற ஒவ்வொரு ரூபாயும் நம் கைக்காசு என்பதால், அந்த மாதிரி வீடுகளிலும் தரை வேலைதான் கடைசிக்குத் தள்ளிப்போகும்.

டைல்ஸுக்காக மட்டும் வட்டிக்குப் பணம் வாங்காதீர்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். சிமென்ட் தரையைச் சில வருடங்களுக்குக் கௌரவமாக மூடி வைக்க வழி இருக்கிறது, அதில் பாதி வேலையை நீங்களே செய்யலாம். ஆனால் எதைப் போட்டாலும், பின்னாடி டைல்ஸ் போடும்போது சிரமமில்லாமல் எடுத்துவிடக்கூடிய மாதிரி போடுங்கள். இது ஏன் முக்கியம் என்று பசை பற்றிச் சொல்லும் இடத்தில் புரியும்.

முதல் வேலை: ஈரம் பார்ப்பது

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், பணம் வீணாவதும் இங்கேதான். கான்கிரீட் தன் பலத்தை எட்ட 28 நாள் என்று கணக்கு வைப்பார்கள், ஆனால் பலம் வருவது வேறு, உள்ளே இருக்கிற தண்ணீர் காய்வது வேறு. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் ஈரம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். அதன்மேல் காற்றுப் புகாத வினைல் விரிப்பை (பிளாஸ்டிக் தரை விரிப்பு) போட்டு மூடினால் அந்த ஈரம் போக வழியில்லாமல் அடியிலேயே தங்கி, பூஞ்சை பிடித்து, ஒரு மழைக்காலம் போவதற்குள் வீடே நாற ஆரம்பிக்கும்.

சோதிக்கக் காசே ஆகாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் கண்ணாடி மாதிரியான பாலிதீன் தாள் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். தரையில் அந்த இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு (தூசி இருந்தால் டேப் ஒட்டாது), தாளை விரித்து நாலு பக்கமும் அகலமான டேப்பால் காற்று போகாதபடி ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும். மறுநாள் பார்த்தால், தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் சுற்றியுள்ள தரையைவிடக் கறுத்துத் தெரிந்தாலோ, இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அறையின் நடுவில் ஒன்று, வெளிச்சுவர் ஓரம் ஒன்று, குளியலறைச் சுவரை ஒட்டி ஒன்று என மூன்று இடத்தில் ஒட்டிப் பாருங்கள்.

ஈரம் தெரிந்தால் ஜன்னலைத் திறந்து வைத்து, ஃபேனை ஓடவிட்டு, சில வாரம் பொறுத்து மறுபடி சோதியுங்கள். எல்லா இடமும் காய்ந்து குளியலறை ஓரம் மட்டும் காயவில்லை என்றால் குழாயில் கசிவு இருக்கலாம், பிளம்பரைக் கூப்பிடுங்கள். மாதக்கணக்கில் ஆகியும் தரை முழுக்க ஈரம் ஏறிக்கொண்டே இருந்தால், அல்லது வெள்ளையாக உப்புப் பூத்தால், அடியிலிருந்து நிலத்து ஈரம் வருகிறது. அந்தத் தரைக்கு வினைல் கூடவே கூடாது. தினமும் எடுத்து உதறி வெயிலில் போடக்கூடிய பாய், ஜமக்காளம் போதும்.

தரையைத் தயார் செய்தல்

ஒரு நாணயத்தாலோ கரணையின் கைப்பிடியாலோ தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் ஒரு சத்தம், உள்ளே பிடிப்பு விட்ட இடத்தில் ‘டொப் டொப்’ என்று வெறுமையான சத்தம் கேட்கும், காதுக்கே வித்தியாசம் தெரியும். அப்படிப்பட்ட இடத்தைக் கொத்தி எடுத்து, தண்ணீர் விட்டு நனைத்து, சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) தடவி, ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் கலவையால் நிரப்பி மட்டம் பண்ணுங்கள். அந்த ஒட்டுக்கும் ஒரு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும், அப்புறம் அது காய வேண்டும், அவசரப்பட முடியாது.

சுவர் பூசும்போது சிந்தின கலவை, பெயின்ட் துளி எல்லாவற்றையும் பட்டி பிளேடால் சுரண்டுங்கள். நீளமான மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, அடியில் வெளிச்சம் தெரிகிற பள்ளங்களைக் குறித்துக்கொண்டு நிரப்புங்கள். வாசலை நோக்கிக் கொஞ்சம் வாட்டம் (சரிவு) இருந்தால் பரவாயில்லை, குழிதான் கூடாது. பிறகு பெருக்குங்கள், மறுபடி பெருக்குங்கள், ஈரத்துணியால் துடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். மெல்லிய விரிப்புக்கு அடியில் ஒரே ஒரு மணல் பருக்கை மாட்டினாலும் சில வாரத்தில் மேலே பரு மாதிரி எழும்பி நிற்கும், நடக்க நடக்க அந்த இடம்தான் முதலில் தேய்ந்து கிழியும்.

எந்த இடத்துக்கு எது?

குளியலறை, கழிப்பறை, சமையலறைத் தொட்டியடி ஆகிய இடங்களுக்கு வழுக்காத டைல்ஸ் மட்டுமே. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பரப்பு குறைவு, அதனால் டைல்ஸ் கடையில் மீந்துபோன சரக்கு என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள், அதில் கேட்டால் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மூன்று பெட்டி, நான்கு பெட்டி என்று துண்டு துண்டாக நிற்கும் சரக்கு பெரிய கூடத்துக்கு உதவாது, உங்கள் குளியலறைக்குத் தாராளம். இரண்டடி டைல்ஸ் என்றால் பெட்டிக்கு நான்கு, கிட்டத்தட்ட 16 சதுர அடி வரும். ஆனால் குளியலறைக்கு ஓரடி டைல்ஸ்தான் நல்லது, வாட்டம் எடுக்கச் சுலபம்.

கூடமும் படுக்கையறையும் காய்ந்த தரையாக இருந்தால் வினைல் விரிப்பு. உட்கார்ந்து சாப்பிட, படுக்க என்றால் ஜமக்காளமும் கோரைப்பாயும். வெளித் திண்ணைக்கும் வாசலுக்கும் கடப்பா கல்லோ கோட்டா கல்லோ. கடைசித் தளப்பூச்சு இன்னும் போடவே இல்லை என்கிறவர்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வினைல் விரிப்பு: வாங்குவது

கடையில் ஃப்ளோர் மேட், பிவிசி கார்பெட் என்று பல பெயரில் சுருள் சுருளாக நிற்கும். ஓரத்தை மடித்துப் பாருங்கள். மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து நின்றால் அது மேஜை விரிப்புத் தரம், கால் நடமாட்டத்துக்குத் தாங்காது. ஒரு மில்லிமீட்டர் கனமாவது இருக்கட்டும். பின்பக்கம் பஞ்சுத் துணி ஒட்டியது மேடு பள்ளத்தை ஓரளவு மறைக்கும், ஆனால் தண்ணீர் உள்ளே போனால் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தரையைக் கழுவி விடுகிற பழக்கம் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். விலை கேட்கும்போது மீட்டருக்கா, சதுர அடிக்கா என்று தெளிவாகக் கேளுங்கள், இரண்டு கடையை ஒப்பிடும்போது இதில்தான் குழப்பமே.

அளவைக் கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். உதாரணத்துக்கு 10 அடிக்கு 12 அடி அறை, சுருளின் அகலம் 2 மீட்டர், அதாவது ஆறரை அடி. 12 அடி நீளவாக்கில் விரித்தால் இரண்டு பட்டை வேண்டும், ஓரத்துக்காகப் பட்டைக்கு அரையடி கூடுதல் சேர்த்து மொத்தம் 25 அடி வாங்க வேண்டும். அதையே 10 அடிப் பக்கமாக விரித்தாலும் இரண்டே பட்டைதான், இரண்டு ஆறரை சேர்ந்து 13 அடி, 12 அடிப் பக்கம் மூடிவிடும், ஆனால் வாங்க வேண்டியது 21 அடி மட்டும். ஒரே அறை, ஒரே சரக்கு, நாலடி மிச்சம். கட்டம், பூ என்று டிசைன் இருந்தால் இரண்டு பட்டையிலும் அது பொருந்த வேண்டும், அதற்காக ஒரு டிசைன் நீளம் சேர்த்து வாங்குங்கள். பழக்கமில்லாதவர்கள் மர டிசைனோ பொடிப்புள்ளியோ எடுத்தால் இணைப்பு கண்ணில் படாது.

வினைல் விரிப்பு: போடுவது

வாங்கி வந்த அன்றே வெட்டாதீர்கள். சுருளைப் பிரித்து அதே அறையில் ஒரு நாள் விரித்துப் போடுங்கள், சுருட்டின வளைவு தானாகப் படியும். பட்டைகளைச் சுவரில் இரண்டு மூன்று அங்குலம் ஏறுகிற மாதிரி போட்டு, நடு இணைப்பில் ஒன்றின்மேல் ஒன்று இரண்டு அங்குலம் ஏற்றி வையுங்கள்.

முதலில் மூலைகள். உள்மூலையில் விரிப்பு கூம்பி நிற்கும், அங்கே மேலிருந்து ஒரு ‘வி’ வடிவம் வெட்டி எடுத்தால் படிந்துவிடும். நிலைச்சட்டம் மாதிரி வெளியே துருத்துகிற மூலையில் விரிப்பின் ஓரத்திலிருந்து மூலைப்புள்ளியை நோக்கிச் சாய்வாக ஒரே கீறல், புள்ளிக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்துங்கள். போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் கீறலாம், கூடுதலாகக் கீறினதை ஒட்டவைக்க முடியாது. அப்புறம் சுவரோரம். அகலமான பட்டி பிளேடால் விரிப்பைச் சுவரும் தரையும் சேரும் இடத்தில் அழுத்திப் பிடித்து, பிளேடை ஒட்டியே கட்டரை இழுங்கள். சுவரோடு முட்டாமல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். சித்திரை வெயிலில் விரிப்பு விரிந்து கொடுக்கும், இடம் இல்லாவிட்டால் நடுவில் அலை அலையாக எழும்பும்.

நடு இணைப்புதான் அழகு. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிற இரண்டு அங்குலத்தின் நடுவில் இரும்பு ஸ்கேலை வைத்து, புது பிளேடு மாட்டி, இரண்டு அடுக்கும் சேர்ந்து வெட்டுப்படும்படி அழுத்தி ஒரே இழுப்பாக இழுங்கள். மேலே ஒரு கீற்று, அடியில் ஒரு கீற்று, இரண்டையும் உருவி எடுத்தால் இரு விளிம்பும் ரோமம் நுழையாதபடி சேர்ந்து உட்காரும். அடியில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை நீளத்துக்கு ஒட்டி, அதன்மேல் விளிம்புகளை அழுத்திவிடுங்கள்.

இங்கேதான் பசை விஷயம். கடைக்காரர் ரப்பர் பசையைத் தரை முழுக்கத் தடவச் சொல்லலாம். பின்னாடி டைல்ஸ் போடும் எண்ணம் இருந்தால் வேண்டாம். அந்தப் பசை சிமென்டில் ஊறிப் படலமாக நின்றுவிட்டால் டைல்ஸ் கலவை பிடிக்காது, கொத்தனார் தரை முழுக்கக் கொத்திவிட வேண்டியிருக்கும், அந்தக் கூலிக்குப் பாதி அறைக்கு டைல்ஸே வாங்கலாம். இணைப்பிலும் வாசற்படியிலும் டேப், அறை ஓரங்களில் ஆங்காங்கே டேப், மீதி இடத்தில் சும்மா விரித்தபடி. கட்டில், பீரோ எடையிலேயே அது நின்றுகொள்ளும். கதவு உரசாமல் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜமக்காளம், பாய்

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, தறியில் நெய்த கனத்த பருத்தி, வீட்டிலேயே துவைக்கலாம். விசேஷத்துக்கு மட்டும் விரித்துவிட்டுப் பரணில் வைக்கிற பொருளாகவே அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். பட்டை பட்டையான அந்த நிறங்கள் சாம்பல் தரைமேல் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று ஒருமுறை விரித்துப் பார்த்தால் தெரியும். கூடத்தில் நடுவில் ஒன்று போதும், சுவர் வரை மூட வேண்டியதில்லை. நெசவாளருக்கும் நாலு காசு போகும்.

கோரைப்பாய் வெயில் காலத்துக்கு உடம்புக்கு இதம். பத்தமடைப் பாயில் மெல்லியது விலை கூடும், தினப்படிக்குச் சாதாரணக் கோரையே போதும். ஒன்றே ஒன்றுதான் கவனிக்க வேண்டும்: பாயை நாள்கணக்கில் ஒரே இடத்தில் போட்டு வைக்காதீர்கள். காலையில் சுருட்டி நிறுத்தினால் கரையானும் வராது, அடியில் ஈரமும் தங்காது.

தளப்பூச்சு இன்னும் போடவில்லையா?

அப்படியானால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். எப்படியும் போடப்போகிற கடைசிப் பூச்சிலேயே ரெட் ஆக்சைடு என்ற சிவப்பு நிறப்பொடியைக் கலந்துவிட்டால் விரிப்பே தேவையில்லை, நம் பாட்டி வீட்டுச் சிவப்புத் தரை கிடைத்துவிடும். இது நீங்களே செய்யக்கூடிய வேலை இல்லை, கை பழகின கொத்தனார் வேண்டும், அவர் முன்னால் போட்ட தரை ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நீங்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. ஓர் அறைக்கு வேண்டிய சிமென்டும் ஆக்சைடும் ஒரே தடவையில் உலர்வாகக் கலந்து வைக்கப்பட வேண்டும், அப்போதைக்கப்போது கலந்தால் ஒரு மூலை கருஞ்சிவப்பு, ஒரு மூலை வெளிர் என்று திட்டுத்திட்டாக வரும். பெரிய அறையைக் கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டம் கட்டமாகப் பிரிக்கச் சொல்லுங்கள், வெடிப்பு வந்தாலும் பட்டையோரமே போகும். முடித்த மறுநாளிலிருந்து குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் கட்டி வையுங்கள், அந்த வாரம் அந்த அறையில் யாரும் நடக்கக் கூடாது. காய்ந்தபின் மெழுகோ கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ தொட்டுத் துணியால் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்தெடுத்தால் பளபளப்பு வரும்.

போட்ட பிறகு

வினைல்மேல் தண்ணீரை ஊற்றிக் கழுவாதீர்கள், பிழிந்த துணியால் துடைத்தால் போதும். சூடான பாத்திரம், ஊதுவத்தி, குத்துவிளக்கு எதையும் நேரடியாக வைக்காதீர்கள், அடியில் மனைப்பலகை போடுங்கள். அடிப்பக்கம் ரப்பர் ஒட்டின மிதியடி வினைலில் மஞ்சள் கறை விட்டுவிடும், தேய்த்தாலும் போகாது. அங்கே துணி மிதியடி போடுங்கள். கட்டில் கால், பீரோ கால் அடியில் பழைய வினைல் துண்டை மடித்து வைத்தால் குழி விழாது.

வெட்டி மீந்த துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். எங்காவது கிழிந்தால், கிழிந்த இடத்தின்மேல் டிசைன் பொருந்தும்படி மீந்த துண்டை வைத்து, இணைப்புக்குச் செய்த மாதிரியே இரண்டு அடுக்கையும் சேர்த்துச் சதுரமாக வெட்டினால், பழையது வெளியே வந்துவிடும், புதியது அந்த ஓட்டையில் அப்படியே உட்காரும். அடியில் டேப் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.