தேர்தல் நிதிச் சட்டம் கேட்கப் போகிறீர்களா? பெயர்ப் பட்டியலில் இருந்து ஆரம்பியுங்கள்

சின்ன நாடு, சின்னத் தேர்தல், இதில் பணத்தால் என்ன ஆபத்து என்று பலர் கேட்கிறார்கள். உண்மையில் சின்ன நாட்டில்தான் ஆபத்து அதிகம். சில நூறு ஓட்டில் வெற்றி தோல்வி முடிவாகிற தொகுதியில் ஒரே ஒரு ஒப்பந்தக்காரர் இரண்டு கட்சிக்கும் பணம் கொடுத்துவிட்டு, யார் ஜெயித்தாலும் மறுநாள் காலையில் அமைச்சர் வீட்டு வாசலில் உரிமையோடு நிற்கலாம்.

அதனால் செலவு வரம்பை முதலில் கேட்காதீர்கள். யார் கொடுத்தார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள், அதுவும் வாக்குப்பதிவுக்கு முன்னால். இலங்கையின் 2023 தேர்தல் செலவுச் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வேட்பாளர் கணக்குக் கொடுத்தால் போதும். சட்டம் வந்தது நல்லதுதான், ஆனால் ஓட்டுப் போட்ட பிறகு தெரிந்து என்ன பயன்? அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் கடைசி நாட்களில் வேட்பாளருக்கு 1,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். இந்த மாதிரி ஒரு விதிதான் உங்கள் மனுவின் முதல் வரி.

பெயர் வெளியே வந்தால் கொடுத்தவரைப் பழிவாங்குவார்கள் என்பார்கள். இந்தியாவில், பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்துக்கும் இதே காரணத்தைத்தான் சொன்னார்கள், வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை அது மீறுகிறது என்று 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சிறு தொகை கொடுப்பவர்களுக்கு விலக்குக் கொடுங்கள், பெருந்தொகைக்கு வேண்டாம்.

அப்புறம் வரம்பு. பிரிட்டனில் வேட்பாளர் செலவுக்கு 1883லேயே வரம்பு வந்துவிட்டது. இந்தியாவிலும் வேட்பாளருக்கு வரம்பு உண்டு, கட்சிக்குத்தான் இல்லை. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த மாதிரி. எனவே வேட்பாளர், கட்சி, அவர்களுக்காகச் செலவழிக்கும் வெளியாள் என்று மூன்று பேரையும் சட்டத்தில் எழுதச் சொல்லுங்கள்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம், கணக்குப் பார்க்கப் பழகுங்கள். ஒரு கூட்டத்துக்கு நோட்டோடு போய், ஒரு வரிசையில் எத்தனை நாற்காலி, மொத்தம் எத்தனை வரிசை, ஜெனரேட்டர் எத்தனை, ஒலிபெருக்கி எத்தனை, ஆள் ஏற்றி வந்த பேருந்து எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள், தேதி தெரிகிற மாதிரி படமும் எடுங்கள். சுவரொட்டியின் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு வாடகைக்கு விடுகிற இரண்டு பேரிடம் விலை கேட்டு, வேட்பாளர் கணக்கு எப்போது வெளியானாலும் ஒப்பிடுங்கள். மேடை, பந்தல் எல்லாம் ஆதரவாளர் இலவசமாகப் போட்டுக் கொடுத்தது என்று காட்டியிருந்தால், அங்கேதான் ஓட்டை. இலவசமாக வந்ததையும் சந்தை விலையில் நன்கொடையாகக் காட்ட வேண்டும் என்ற விதி இல்லாத சட்டம் இருந்தும் பிரயோஜனமில்லை.

பணக்காரரை விட்டால் வேட்பாளருக்குப் பணம் எங்கிருந்து வரும்? நியாயமான கேள்வி. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 2017 முதல் நகர நிர்வாகமே தன் பணத்தில் வாக்காளருக்குத் தலா 25 டாலர் மதிப்புள்ள நான்கு சீட்டுகள் கொடுத்து, பிடித்த வேட்பாளருக்குத் தரச் சொன்னார்கள். வாக்காளர் தொகை குறைவான நாட்டுக்கு இது தாங்கக்கூடிய செலவுதான்.

மனுவை எப்போது கொடுப்பது? தேர்தலுக்கு முன், எல்லா வேட்பாளரிடமும், கையெழுத்துப் போடச் சொல்லி. ஜெயித்தவரிடம் போய்க் கேட்டால் குழு அமைக்கிறோம் என்பார்.