மீன் கழுவிய நீரில் அம்மோனியாவைக் குறைத்தல்: ஜியோலைட்டும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும்

கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் கழுவிய நீர் தேங்கினால், அதிலுள்ள புரதம் சிதைந்து அம்மோனியா பெருகும். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அம்மோனியா நைட்ரஜன் (அம்மோனியாவிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டும்) உள்ள கழிவுநீரை ஆற்றிலோ கடலிலோ விடக்கூடாது என்பது மத்திய சுற்றுச்சூழல் விதிகளின் பொது வரம்பு. மீன்களுக்கோ அதைவிட மிகக் குறைந்த அளவே நஞ்சாகிவிடும்.

முதலில் நீரை அளந்து பாருங்கள். வண்ணமீன் கடையில் கிடைக்கும் சாலிசிலேட் வகை அம்மோனியா சோதனைப் பெட்டி போதும். நிறம் அளவுகோலைத் தாண்டினால், ஒரு பங்கு கழிவுநீருடன் ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து அளந்து, கிடைத்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். பெட்டி அம்மோனியம் அளவைக் காட்டுவதாக இருந்தால், அதை 0.78 ஆல் பெருக்கினால் நைட்ரஜன் கணக்கு வரும்.

அடுத்து, நீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவையும் உப்பையும் பாருங்கள். பலர் தவறுவது இங்கேதான். பிஎச் 9.25 அளவில் அம்மோனியாவில் பாதி மின்சுமையற்ற வாயுவாகக் கரைந்திருக்கும்; 7க்குக் கீழே ஏறக்குறைய முழுவதும் நேர்மின்சுமை கொண்ட அம்மோனியமாக இருக்கும். ஜியோலைட் என்ற கனிமத்தின் சட்டகத்தில் சிலிக்கனின் இடத்தைச் சில அலுமினியம் அணுக்கள் பிடித்திருப்பதால் அது எதிர்மின்சுமை பெற்று, தன்னிடமுள்ள சோடியத்தை விட்டுவிட்டு அம்மோனியத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் கடல்நீரில் கழுவியிருந்தால், அதில் நிறைந்துள்ள சோடியமே அந்த இடங்களை நிரப்பிவிடும்; உவர்நீர் இறால் குட்டையில் மூட்டை மூட்டையாக ஜியோலைட்டைக் கொட்டியும் பலன் குறைவதற்குக் காரணம் இதுவே. ஆகவே நன்னீரில் கழுவிய நீரைத் தனியே பிரித்துச் சேமியுங்கள்.

நெய்வேலியில் வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரியின் பரப்பிலுள்ள கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதிகளும் அம்மோனியத்தைப் பிடிக்கின்றன. ஆக்டிவேட்டட் கார்பன் நிறத்தையும் கரிமப் பொருளையும் நன்கு கவர்ந்தாலும் அம்மோனியத்துக்கு அவ்வளவாக உதவாது. பழுப்பு நிலக்கரியைத் தூளாக்கிச் சலித்து, நீர் தெளியும்வரை பலமுறை அலசுங்கள். கார நீரில் அதன் ஹியூமிக் அமிலம் கரைந்து வரும் பழுப்பு நிறம், சோதனைப் பெட்டியின் நிறத்தையும் குழப்பிவிடும்.

இனிச் சோதனைக்கு வருவோம். மூன்று பாட்டில்களில் தலா ஒரு லிட்டர் வடிகட்டிய கழிவுநீரை எடுத்து, ஒன்றில் 10 கிராம் ஜியோலைட், இன்னொன்றில் 10 கிராம் பழுப்பு நிலக்கரி இட்டு, மூன்றாவதில் எதையும் இடாமல், மூன்றையும் இறுக மூடி இரண்டு மணி நேரம் அவ்வப்போது குலுக்குங்கள். வெறும் பாட்டிலைத் தவிர்க்க வேண்டாம். அம்மோனியா தானாக எவ்வளவு மாறியது என்பதை அதுதான் காட்டும். வெறும் பாட்டிலில் 40 மில்லிகிராம், ஜியோலைட் பாட்டிலில் 12 என்று வந்தால், குறைந்த 28ஐப் பத்தால் வகுக்க, ஒரு கிராம் 2.8 மில்லிகிராமைப் பிடித்தது என்று கொள்ளலாம்.

ஜியோலைட் நிறைந்த பின், லிட்டருக்கு 100 கிராம் சமையல் உப்புக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து அலசினால் மீண்டும் பயன்படும். ஆனால் வெளியேறிய அம்மோனியா முழுவதும் அந்த உப்புநீரில்தான் இருக்கிறது. அதைச் சாக்கடையில் ஊற்றினால் செய்த வேலை வீண், அதில் பிளீச்சிங் பவுடர் கலந்தால் நச்சு வாயு எழும். உப்பில் ஊறாத பழைய ஜியோலைட்டையும் பழுப்பு நிலக்கரியையும் மட்கு உரக் குழியில் சேர்க்கலாம்; தொழிற்சாலைக் கழிவுநீரில் பயன்படுத்தியிருந்தால், கன உலோகங்கள் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், மண்ணில் சேர்க்கவே கூடாது.